சிம்லாவாக நடித்த பினாங்கு

2015 பிப்ரவரியில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 'இண்டியன் சம்மர்ஸ்' என்ற தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. கதை நடப்பது 1932இல், பிரிட்டிஷ் இந்தியாவின் கோடைத் தலைநகரான சிம்லாவில். வெயிலுக்குத் தப்பி வைஸ்ராயின் அலுவலகமே மலையேறி வருகிறது. அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் கிளப்பில் கூடுகிறார்கள். அந்தக் கிளப்பை நடத்தும் ஆங்கிலேயப் பெண்ணாக ஜூலி வால்டர்ஸ், அரசாங்க குமாஸ்தாவான பார்சி இளைஞனாக நிகேஷ் படேல். ஆனால் தொடரில் நாம் பார்க்கும் மலை இமயத்தைச் சேர்ந்ததில்லை. மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் பினாங்கு மலை அது. கீழே தெரியும் கடைத்தெருக்கள் அந்தத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரத்துத் தெருக்கள். இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் நியாயமானவைதான். இன்றைய சிம்லாவில் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் புதிய கட்டடங்கள் தெரிகின்றன. படப்பிடிப்புக்குத் திட்டமிட்ட மாதங்களில் அங்கே பருவமழை. பினாங்கில் காலனியக் காலத்து பங்களாக்கள் இடிபடாமல் நிற்கின்றன. மலேசியாவில் செலவிடும் தொகையில் 30 விழுக்காட்டைப் படக்குழுவுக்குத் திருப்பித் தரும் அரசுத் திட்டமும் 2013 முதல் நடப்பில் இருக்கிறது.

கதை ஓரிடம், படப்பிடிப்பு வேறிடம் என்பது தொலைக்காட்சிக்குப் பழைய வழக்கம். நியூயார்க் வழக்கறிஞர்களின் கதையான 'சூட்ஸ்' பெரும்பாலும் கனடாவின் டொரன்டோவில் எடுக்கப்பட்டது. அலாஸ்காவின் சிற்றூர் ஒன்றைக் காட்டிய 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' தொடருக்கு வாஷிங்டன் மாநிலத்தின் ரோஸ்லின் ஊர் உதவியது. 1987இல் நாடே ஞாயிறு காலையில் உட்கார்ந்து பார்த்த ராமானந்த் சாகரின் 'ராமாயண'த்து அயோத்தி எழுந்தது குஜராத்தின் உமர்காமில். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். மரம் தப்பு, மலை தப்பு என்று பிழை பிடிப்பவர்கள் ஒரு கட்சி. கதைதானே, எங்கே எடுத்தால் என்ன என்பவர்கள் மறு கட்சி. இரண்டு கட்சியும் பார்ப்பது தோற்றத்தை மட்டும். ஓர் ஊர் இன்னோர் ஊருக்காக நிற்கலாமா என்பதைத் தோற்றத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது என் வாதம். அந்தத் தோற்றத்தை உண்டாக்கிய வரலாறு இரண்டு ஊருக்கும் பொதுவா என்று பார்க்க வேண்டும். பொதுவாக இருந்தாலும் அதோடு விட்டுவிட முடியாது. இரவல் கொடுக்கும் ஊருக்கும் ஒரு காலம் உண்டு, மனிதர்கள் உண்டு. அவர்கள் மேல் எதைப் போர்த்தி மூடுகிறோம் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும்.

முதல் பாதிக்கு 'செர்னோபில்' தொடரைவிட நல்ல சான்று கிடைக்காது. 2019இல் ஐந்து அத்தியாயங்களாக வந்த அந்தத் தொடர், 1986 ஏப்ரல் 26 அன்று சோவியத் உக்ரைனில் நடந்த அணு உலை விபத்தைச் சொன்னது. உண்மை இடத்தில் எடுக்க வழியில்லை: பிரிப்பியாத் நகரம் காலியாகிக் காடாகிவிட்டது. படக்குழு லித்துவேனியாவுக்குப் போயிற்று. வில்னியஸ் நகரின் ஃபாபியோனிஷ்கேஸ் குடியிருப்பு பிரிப்பியாத் ஆனது. அணுமின் நிலையக் காட்சிகளுக்கு விசாகினஸ் நகரை ஒட்டிய இக்னாலினா நிலையம் கிடைத்தது. இந்த இணைப்பு வெறும் சாயலால் வந்ததில்லை. இக்னாலினாவில் இருந்த உலைகள் செர்னோபிலில் வெடித்த அதே ஆர்பிஎம்கே வகை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமானால் அவற்றை மூட வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்று லித்துவேனியா முதல் உலையை 2004 கடைசியிலும் இரண்டாவதை 2009 கடைசியிலும் நிறுத்தியது. விசாகினஸ் 1975இல் அணுமின் ஊழியர்களுக்காக எழுப்பப்பட்ட ஊர். பிரிப்பியாத் 1970இல் அதே நோக்கத்துக்காக எழுந்த ஊர். ஒரே அரசு, ஒரே திட்டமிடும் முறை, ஒரே தொழில்நுட்பம், அதன் ஒரே குறைபாடு. மாடிப்படியின் அகலமும் கட்டடச் சுவர்களும் அப்படியே பொருந்தியதற்குக் கலை இயக்குநரின் திறமை ஒரு காரணம் என்றால், அந்தச் சுவர்களை முதலில் கட்டிய அரசு ஒன்றே என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இதிலும் ஒரு எல்லை உண்டு. மாஸ்கோவில் வளர்ந்த எழுத்தாளர் எம். கெஸன் அந்தத் தொடரைப் பற்றி 'நியூயார்க்கர்' இதழில் எழுதினார். உடை, பாத்திரம், வீட்டுச் சாமான் வரை சோவியத் வாழ்வின் பொருள்கள் இவ்வளவு துல்லியமாகத் திரையில் வந்ததில்லை என்று ஒப்புக்கொண்ட அவர், அந்தச் சமூகத்தில் அதிகாரம் எப்படி இயங்கியது என்பதைத் தொடர் தவறாகக் காட்டியது என்றார். மேலதிகாரியை நேருக்கு நேர் எதிர்த்து நிற்கும் விஞ்ஞானிகள் ஹாலிவுட்டுக்குப் பழக்கமானவர்கள். அப்படிப்பட்டவர்கள் அங்கே இருக்க முடிந்திருந்தால் அந்த விபத்தின் கதையே வேறாக இருந்திருக்கும். இந்த விமரிசனத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். சரியான இடம் கிடைத்தால் கதாசிரியருக்குப் பாதி வேலை முடிகிறது. மீதிப் பாதியை அந்த இடம் செய்து கொடுக்காது.

இப்போது பினாங்குக்குத் திரும்பலாம். சிம்லாவுக்கும் பினாங்குக்கும் வரலாற்று உறவு இல்லை என்று யாரேனும் சொன்னால் அது தவறு. பினாங்கை 1786இல் ஃபிரான்சிஸ் லைட் கைப்பற்றியது கிழக்கிந்தியக் கம்பெனிக்காக. 1805இல் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகியவற்றோடு நான்காவது மாகாணமாகவே பினாங்கை உயர்த்தினார்கள். அந்தத் தகுதி 1830இல் போனாலும், 1867 வரை தீவின் ஆட்சி கல்கத்தாவுக்குக் கட்டுப்பட்டதாகவே இருந்தது. பினாங்கின் சாலைகளையும் கட்டடங்களையும் அமைத்தவர்களில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் பலர். சூடு தாங்காத வெள்ளை அதிகாரி மலையேறி பங்களா கட்டிக்கொள்ளும் பழக்கம் பினாங்கில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. சிம்லாவில் கேப்டன் கென்னடி முதல் கல்வீட்டைக் கட்டியது 1822இல்தான். ஆக, மலைவாசஸ்தலம் என்ற காலனிய ஏற்பாட்டில் பினாங்கு மூத்தது. அகன்ற தாழ்வாரம், சரிந்த கூரை, வெட்டிய புல்வெளி, வேலைக்காரர்களுக்குப் பின்பக்கத்தில் தனிக்குடில் என இரண்டு மலைகளிலும் வீடு கட்டிய மனம் ஒன்றுதான். அதனால்தான் தொடரின் கிளப் காட்சிகள் நம்பும்படி இருக்கின்றன. ஆள்பவர்களின் சிம்லாவைப் பினாங்கு தயக்கமின்றித் தர முடிந்தது. அந்த அளவில் என் சோதனையில் அது தேறுகிறது.

தேறாத இடம் ஆளப்பட்டவர்களின் சிம்லா. அந்த ஊர் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் தேவதாருவும் ஓக்கும் பைனும் சூழ இருக்கிறது, குளிர்காலத்தில் பனி பெய்கிறது. பினாங்கு மலை 830 மீட்டர் சுமாருக்குத்தான் எழுகிறது; அங்கே இருப்பது ஈரம் சொட்டும் வெப்பமண்டலக் காடு, மரப்பெரணி. இது தாவரவியல் பிழையோடு முடிந்துபோகும் விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. சிம்லாவின் செங்குத்தான சரிவில் மனிதனின் முதுகுதான் வண்டி. பாரம் சுமக்கவும் ரிக்‌ஷா இழுக்கவும் சுற்றுப்புறச் சமஸ்தானங்களின் பஹாரி மக்களைக் கட்டாயப்படுத்தும் 'பேகார்' என்ற கூலியில்லா உழைப்பு அங்கே நடப்பில் இருந்தது. சிம்லா மலைப்பகுதியின் கோட்கர் ஊரில் குடியேறிய அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸ் 1921 வாக்கில் அதை எதிர்த்து மலைமக்களைத் திரட்டினார். அந்த உயரமும் குளிரும் சரிவும் இல்லாமல் பேகாரைப் புரிந்துகொள்ள முடியாது. நிலத்தின் கடுமை போய்விட்டால், அந்தக் கடுமையைத் தன் உடம்பால் சமன் செய்தவனும் காட்சியிலிருந்து போய்விடுகிறான். தொடரின் மையத்தில் எஞ்சுவது அதிகாரிகளின் காதலும் பொறாமையும், அவர்களுக்கு அருகே போக முடிந்த சில இந்தியர்களின் தவிப்பும்.

பினாங்கு இரவல் கொடுத்த அந்த மலையில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது: அருளொளித் திருமுருகன் கோயில். மலையுச்சியில், ஒரு பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், வண்ணம் தீட்டிய சுதைச் சிற்பங்களோடு நிற்கும் தமிழ்க் கோயில். சிம்லாவைக் காட்டும் ஃபிரேமுக்குள் அதற்கு இடம் இருக்க முடியாது. மலேசியாவில் இந்தியர் கூட்டம் ஒன்றைத் திரட்டினால் அதில் மிகப் பெரும்பாலோர் தமிழராகத்தான் இருப்பார்கள். அவர்கள் வடக்கத்தி உடை உடுத்தி, பேசாமல், இமயமலைக் கடைவீதியில் நடந்துபோக வேண்டும். இதில் யாருக்கும் அவமானம் இல்லை; நடிப்பு என்றால் அப்படித்தான். என் கவலை வேறு. தொடர் குறிக்கும் அதே 1932இல், அதே தீவில், அந்தக் கூட்டத்தின் பாட்டன்மார்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

உலகப் பொருளாதாரம் முடங்கி, ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்த வருடங்கள் அவை. மலாயாவின் தோட்டங்கள் ஆட்குறைப்பு செய்தன. வேலை போன தமிழ்த் தொழிலாளர்களைத் திரும்பவும் இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். 1930 தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கானோர் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வாசல் பினாங்குத் துறைமுகம். சில ஆண்டுகளுக்கு முன் வந்திறங்கியபோது பலரை முதலில் அடைத்துவைத்த ஜெரஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாம் பினாங்கின் கிழக்குக் கரையை ஒட்டித்தான் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே 1926 முதல் ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயர் கடலோர மாவட்டங்களின் வயதானவர்களுக்கு இன்றும் தெரியும். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாப் பயணத்தின் முதல்படியாக வந்திறங்கியதும் பினாங்கில்தான். சுயமரியாதைப் பேச்சு தோட்டங்களுக்குள் புகுந்த காலம் அது. பேரரசு, சாதி, கூலி, வெளியேற்றம், அரசியல் விழிப்பு என ஒரு பெரிய தொடருக்கு வேண்டிய எல்லாம் அந்த மண்ணில் அந்த ஆண்டில் கிடந்தன. அதே மண்ணில் கோடிக்கணக்கில் பவுண்டு செலவழித்து எடுக்கப்பட்டது, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த கிளப் ஒன்றின் கதை. ஓர் ஊரை இன்னோர் ஊராக ஆக்கும்போது தரப்படும் உண்மையான விலை இது என்று நினைக்கிறேன். தேவதாருவுக்குப் பதில் மரப்பெரணி வந்தது இதன் முன் ஒன்றுமேயில்லை.

பினாங்குக்கு இது முதல் முறையும் இல்லை. பிரெஞ்சுப் படமான 'இந்தோசீன்' (1992) ஜார்ஜ் டவுனின் நீல மாளிகையை வியட்நாமாக்கியது. தாய்லாந்து அனுமதி மறுத்ததால் 'அன்னா அண்ட் தி கிங்' (1999) மலேசியாவுக்கு வந்தபோது தீவின் தெருக்கள் பாங்காக் ஆயின. 2020இல் பிரிட்டனின் ஐடிவி ஒளிபரப்பிய 'தி சிங்கப்பூர் கிரிப்' தொடர், 1942இல் ஜப்பானிடம் விழுந்த சிங்கப்பூரை மலேசியாவில் எடுத்தது. வரலாற்று உறவு என்ற கணக்கில் கடைசியாகச் சொன்னது மிக நெருக்கமானது, ஏனென்றால் பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே நீரிணைக் குடியேற்றத்தின் நகரங்கள். ஆனாலும் பிரிட்டனில் வாழும் கிழக்கு, தென்கிழக்கு ஆசியக் கலைஞர்களின் அமைப்பு அந்தத் தொடரைக் கடுமையாகக் கண்டித்தது: ஆசிய மனிதர்கள் வெறும் பின்னணியாகிவிட்டார்கள் என்பது புகாரின் சாரம். செர்னோபிலுக்கு கெஸன் சொன்னதையே இங்கும் காண்கிறோம். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமாக அறிவித்த ஓர் ஊர், அந்தப் பாரம்பரியத்தின் பலனாகவே வியட்நாமாகவும் பாங்காக்காகவும் சிம்லாவாகவும் வாடகைக்குப் போகிறது. பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு சுவரும் வேறு ஊருக்குப் பயன்படுகிறது.

எதிர்வாதங்களில் முதலாவதும் வலுவானதும் கலையின் சுதந்திரம் பற்றியது. தெருக்கூத்தில் ஒரு மரப்பலகை துரியோதனனின் சிம்மாசனம் ஆகிறது. திண்டிவனத்துப் பக்கத்து வயல்வெளி குருக்ஷேத்திரம் ஆகிறது. அதைக் குறை சொல்லாதவர் தொலைக்காட்சியை ஏன் குறை சொல்ல வேண்டும்? கூத்தில் பலகை பலகை என்று எல்லோருக்கும் தெரியும். ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. தொலைக்காட்சி நாடகம் செய்யும் வேலை அதற்கு நேர்மாறானது. சிம்லா என்று எழுத்துப் போட்டுவிட்டு ஒரு மலையைக் காட்டும்போது, அங்கே போகாத லட்சக்கணக்கானோரின் மனத்தில் அந்த மலைதான் சிம்லாவாகப் பதிகிறது. நம்ப வைப்பதற்காகத்தான் இவ்வளவு செலவு செய்து வெளிப்புறப் படப்பிடிப்புக்கே போகிறார்கள். நம்பகத்தன்மையை விற்கிறவர், கேள்வி வந்ததும் இதெல்லாம் கற்பனைதானே என்று ஒதுங்க முடியாது.

இதே வாதத்துக்கு ஆதரவாக 'மேஷ்' தொடரைக் காட்டுவார்கள். கொரியப் போரில் இயங்கிய அமெரிக்க ராணுவ மருத்துவமனையின் கதை. கலிபோர்னியாவின் சாந்தா மோனிக்கா மலைகளில், இன்று மாலிபு கிரீக் மாநிலப் பூங்காவாக இருக்கும் இடத்தில் எடுக்கப்பட்டது. மூன்றாண்டு நடந்த போரைப் பதினோரு ஆண்டுகள், 1972 முதல் 1983 வரை, ஒளிபரப்பினார்கள். கடைசி அத்தியாயத்தைப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பார்த்தார்கள். 1982இல் காட்டுத்தீ வந்து வெளிப்புற செட்டை எரித்தபோது அந்தத் தீயையே கதைக்குள் கொண்டுவந்தார்கள். மிக நல்ல தொடர். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது யாருடைய கதை? வியட்நாமில் இளைஞர்களைப் பலிகொடுத்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கா, கொரியா என்ற பெயரில் தன்னோடு தானே பேசிக்கொண்ட கதை. வறண்டு பொன்னிறமான கலிபோர்னியக் குன்றுகள் அதற்குப் போதுமானவையாக இருந்தன, ஏனென்றால் கொரியா அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. 1950 கடைசியில் சோசின் ஏரிப் பக்கம் மைனஸ் 30 டிகிரிக் குளிரில் மனிதர்கள் விறைத்துச் செத்தார்கள்; அந்தக் குளிர் அந்தக் குன்றுகளில் இல்லை. கொரிய மருத்துவ அதிகாரியாக ஜப்பானிய அமெரிக்கரான பாட் மொரீட்டாவும், இறுதி அத்தியாயத்தின் கொரியப் பெண்ணாகச் சீன அமெரிக்கரான ரோசலிண்ட் சாவும் நடித்தார்கள். அமெரிக்காவைப் பற்றிய நாடகமாக அது வென்றது. கொரியாவைப் பற்றி அமெரிக்க வீடுகளுக்குப் பதினோரு ஆண்டுகள் கிடைத்தது ஒரு கூடாரமும் ஒரு ஹெலிகாப்டரும்.

இரண்டாவது எதிர்வாதம் கட்டாயம் பற்றியது. போக முடியாத இடங்கள் உண்டு. ஈரானுக்குள் போக முடியாத இஸ்ரேலியர்கள் 2020இல் வெளியான 'டெஹ்ரான்' தொடரை ஏதன்ஸில் எடுத்தார்கள். இதை நான் குறையாகக் கருதவில்லை. நிலம் கிடைக்காதபோது மனிதர்களைக் கொண்டுவந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்: ஈரானில் பிறந்த ஷான் டூப், நவீத் நெகாபன் போன்ற நடிகர்கள், பாரசீக மொழியிலேயே பெரும்பகுதி வசனம், அந்த மொழியைப் பாடமாகப் படித்து நடித்த நாயகி நிவ் சுல்தான். இந்தத் திசையில் எந்த முயற்சியும் எடுக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் 'ஹோம்லேண்ட்' போதும். 2012இல் அது பெய்ரூட் காட்சிகளை இஸ்ரேல் நகரங்களில் எடுத்து, ஹம்ரா தெருவை ஆயுதக் குழுக்களின் பிடியில் இருப்பதாகக் காட்டியது. ஹம்ரா, காபிக் கடைகளுக்கும் புத்தகக் கடைகளுக்கும் பேர்போன தெரு. வழக்குத் தொடுப்பேன் என்றார் லெபனானின் சுற்றுலா அமைச்சர் ஃபாதி அப்பூத். 2014இல் இஸ்லாமாபாத்தைத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் எடுத்தார்கள். அகன்ற சாலையும் மரவரிசையுமாகத் திட்டமிட்டுக் கட்டிய அமைதியான தலைநகரம், புழுதியும் கும்பலுமாகத் திரையில் வந்தது; பாகிஸ்தான் தரப்பின் அதிருப்தி பத்திரிகைகளில் வெளியானது.

அடுத்த ஆண்டு நடந்தது இந்த விவாதம் முழுவதையும் ஒரே சுவரில் எழுதிவைத்தது. பெர்லினில் தளம் அமைத்திருந்த படக்குழு, சிரிய அகதிகள் முகாம் ஒன்றை செட்டாகப் போட்டது. முகாம் நிஜம்போல் இருக்கச் சுவர்களில் அரபியில் ஏதாவது எழுத வேண்டும் என்று கிராஃபிட்டி கலைஞர்கள் சிலரை அழைத்தது. ஹெபா அமீனும் அவர் தோழர்களும் வந்து, ஸ்ப்ரே பெயின்டால் எழுதினார்கள்: இந்தத் தொடர் இனவெறி கொண்டது, இது ஒரு நகைப்பு என்ற பொருளில் வரிசையாக வாசகங்கள். கேமரா அந்தச் சுவர்களைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. 2015 அக்டோபரில் உலகம் முழுக்க ஒளிபரப்பாயிற்று. கலைஞர்களே வெளியிட்ட பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அரபு உலகைப் பற்றிப் பல கோடி டாலரில் தொடர் எடுக்கும் இடத்தில், சுவரில் இருப்பதை நின்று வாசிக்க ஒருவர் இல்லை. எழுத்து அவர்களுக்கு ஒரு சித்திர வேலைப்பாடு, அவ்வளவுதான். ஏதன்ஸ் டெஹ்ரானாக முடிந்ததற்கும், கேப் டவுன் இஸ்லாமாபாத் ஆக முடியாததற்கும் இங்கே காரணம் கிடைக்கிறது.

மூன்றாவது, பணம். உள்ளூருக்கு வேலை கிடைக்கிறது, ஹோட்டல்கள் நிறைகின்றன, தச்சரும் தையற்காரரும் லைட்மேனும் சம்பாதிக்கிறார்கள், பிறகு சுற்றுலா வளர்கிறது. எல்லாம் உண்மை. 'செர்னோபில்' வந்த பிறகு வில்னியஸில் படப்பிடிப்பு நடந்த இடங்களைக் காட்டவே வழிகாட்டிகள் கிளம்பினார்கள். பணம் இடத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்று சொல்லும் அளவுக்கு நான் இந்தத் தொழிலை அறியாமல் எழுதவில்லை. இடத்தைப் பணம் தீர்மானித்த பிறகு கதையை அங்கேயே கொண்டுபோனால் என்ன என்று கேட்கிறேன். அப்படிச் செய்து உலகப் புகழ் பெற்றது 'பிரேக்கிங் பேட்'. முதலில் அது கலிபோர்னியாவின் ரிவர்சைடில் நடப்பதாக எழுதப்பட்ட கதை. நியூ மெக்சிகோ மாநிலம் செலவில் 25 விழுக்காட்டைத் திருப்பித் தந்ததால் படப்பிடிப்பு அல்புகர்க்கிக்கு மாறியது. அல்புகர்க்கியையே கலிபோர்னியா என்று காட்டிவிடலாம் என்ற யோசனையும் இருந்தது. கிழக்கே எந்த ஷாட் வைத்தாலும் சாண்டியா மலைத்தொடர் தெரியும், அதை ஒவ்வொரு முறையும் ஒளிக்க வேண்டியிருக்கும் என்று பார்த்த வின்ஸ் கில்லிகன், மலையை விட்டுவிட்டுக் கதையின் ஊரை மாற்றினார். அந்தப் பாலைவனமும் அதன் வெறுமையான வானமும் இல்லாத 'பிரேக்கிங் பேட்'டை இன்று யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். சலுகைப் பணம் ஒரு பைசா குறையவில்லை.

கனடாவின் வான்கூவர் இன்னும் ஆழமான சான்று. 'எக்ஸ் ஃபைல்ஸ்' 1993 முதல் ஐந்து பருவங்கள் அங்கே எடுக்கப்பட்டது; அமெரிக்காவின் பல மாநிலங்களாக நடித்த நகரம் அது. அதே நகரத்தில், அதே தொழில்நுட்பக் கலைஞர்களை வளர்த்த சூழலில், 1998இல் கனடியப் பொதுத் தொலைக்காட்சி 'டா வின்சிஸ் இன்க்வெஸ்ட்' என்ற தொடரைத் தொடங்கியது. சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி ஒருவரின் கதை. ஊர் வான்கூவர், தெரு வான்கூவரின் ஏழ்மையும் போதையும் மண்டிய கிழக்குப் பகுதி. நாயகனுக்கு முன்மாதிரியாக இருந்த லாரி கேம்ப்பெல் நிஜத்தில் அந்த மாகாணத்தின் தலைமை மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர். 2002இல் அவரை மக்கள் வான்கூவர் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். போதை ஊசியால் சாகிறவர்களைக் காப்பாற்ற, மருத்துவக் கண்காணிப்போடு இயங்கும் மையம் மறு ஆண்டே அந்தப் பகுதியில் திறந்தது. தொடரால்தான் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர்கள் இருந்தார்கள். ஆனால் நகரம் தன் முகத்தோடு திரையில் வந்தபோது அதன் குடிமக்களுக்குத் தங்களைப் பற்றிப் பேச ஒரு கதை கிடைத்தது. அமெரிக்காவாக நடித்த வருடங்கள் அந்தக் குடிமக்களுக்குச் சம்பளம் கொடுத்தன, கதை கொடுக்கவில்லை.

நமக்கு அருகிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2017 முதல் 2022 வரை ஐடிவியில் வந்த 'தி குட் கர்மா ஹாஸ்பிட்டல்' தென்னிந்தியக் கடலோர ஊர் ஒன்றின் மருத்துவமனைக் கதை. எடுத்தது இலங்கையின் தென்கரையில், காலிக்குப் பக்கத்து உனவட்டுனவில். வரலாறு கொஞ்சம் துணை நிற்கிறது: காலியும் கொச்சியும் போர்த்துகீசியருக்குப் பின் டச்சுக்காரர் கைக்கு வந்த துறைமுகங்கள், ஓட்டுக்கூரையும் தென்னையும் இரு கரைக்கும் பொது. ஆனால் சிங்களம் பேசும் ஓர் ஊரைத் தென்னிந்தியா என்று காட்டும்போது, கடைப்பலகையில் என்ன எழுத்து, நோயாளி வலியில் என்ன மொழியில் முனகுகிறார் என்பதெல்லாம் சிறு விஷயம் ஆகிவிடுகிறது. சிங்களமா தமிழா என்பதற்கு ஒரு நாடே கால் நூற்றாண்டு ரத்தம் சிந்திய தீவில் அதைச் சிறு விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதை மாற்ற என்ன செய்யலாம்? சலுகை தரும் அரசுகளிடமிருந்து தொடங்கலாம். எவ்வளவு செலவு, எத்தனை உள்ளூர் ஆட்கள் என்று கணக்குக் கேட்கும் திட்டங்கள், தொடரில் உள்ளூர் எங்கே என்றும் கேட்கலாம். அந்த நிதியில் ஒரு பங்கைத் தன் ஊரைத் தன் ஊராகவே காட்டும் தொடருக்கு ஒதுக்கலாம். எடுத்த ஊரின் பெயரைக் கடைசி எழுத்துகளின் கூட்டத்தில் புதைக்காமல் தொடக்கத்திலேயே போடச் சொல்லலாம். மலேசியத் தமிழர்களுக்கு ஆட்களும் இருக்கிறார்கள், மேடையும் இருக்கிறது: ஆஸ்ட்ரோவின் வானவில், விண்மீன் அலைவரிசைகளில் உள்ளூர்த் தமிழ் நாடகங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. கதைக்கும் பஞ்சமில்லை. ரப்பர் தோட்ட வாழ்வை அகிலன் 'பால் மரக் காட்டினிலே'யில் எழுதினார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பினாங்கு, வேறு எந்த ஊரின் வேடமும் போடாமல், தமிழ்ப் பேச்சோடும் வட்டிக்கடைக் கணக்கோடும் போர்ப்பீதியோடும் வருகிறது. சிம்லாவுக்காகத் தேடிப்போய்ப் பிடித்த அந்தப் பழைய தெருக்களில் அதை எடுக்க, பெரிதாக செட் போட வேண்டியிருக்காது. அதே பணப்பெட்டியை நாடிச் சொந்த நாட்டுத் தயாரிப்பாளர் ஒருவர் முன்வர வேண்டும், அவ்வளவுதான்.